பர்மாவிலிருந்து வந்தோர்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. அயல்நாட்டிற் குடியேறுவோன் மொழி தெரியாமலும், உறவின்றியும், வேலை தேடியும் அல்லலுறுவான் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், தன் தாய்நாட்டிற்கே ஒருவன் அயலானாக வந்து இறங்க நேர்ந்தால் அதனை என்னென்பது? 1960களில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய பர்மாத் தமிழர் பல்லாயிரவர்க்கு நேர்ந்தது இதுவே.

இன்று மியான்மர் எனப்படும் பர்மா, 1937 வரையில் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டு வந்தது. ஆதலால், சென்னையிலிருந்து இரங்கூனுக்குக் கப்பலேறுவதை அக்காலத்தார் அயல்நாட்டுப் பயணமாகக் கருதவில்லை. வயலில் உழைக்கவும், கடை வைக்கவும், வட்டித் தொழில் நடத்தவும் தமிழர் சென்றனர். 1942இல் ஜப்பானியப் படை உட்புகுந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே இந்தியாவை நோக்கி வந்தனர். வழியில் மாண்டவர் பலர். போர் ஓய்ந்தபின் மீண்டும் பர்மா சென்று, விட்ட தொழிலைத் தொடர்ந்தவர்களும் உண்டு.

அவ்வாழ்வும் நிலைக்கவில்லை. 1962 மார்ச்சுத் திங்களில் படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே 50, 100 கியாத்து நோட்டுகள் செல்லா என்றும் அறிவிக்கப்பட்டது. கடையும் போயிற்று; கையிருப்பும் போயிற்று. கப்பலேறுவோர் பணமும் நகையும் எடுத்துச் செல்லக் கடுமையான வரையறை இருந்தது. ஆகவே சிலர் தம் நகைகளை இரங்கூனிலிருந்த இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்து, அதற்குரிய சீட்டை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வந்தனர்.

கரையில் இறங்கியவரை முதலில் எதிர்கொண்டது, "சொந்த ஊர் எது?" என்னும் வினா. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடக் கடினமான வினா வேறில்லை. பாட்டனாரின் சிற்றூரைத் தேடிச் சென்றாலும், அங்கே அவனுக்கென்று நிலமோ வீடோ இருக்குமென்பது உறுதியா? நெல் மலிந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், அரிசிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் இங்கு வந்து சேர்ந்தனர். பங்கீட்டு அரிசி பெறக் குடும்ப அட்டை வேண்டும். அட்டைக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடும், வீட்டிற்கு வாடகையும், வாடகைக்கு வேலையும் வேண்டும். வேலை கேட்டுப் போனாலோ, அங்கும் முகவரியே கேட்பர்! பிள்ளைகளின் நிலையும் இரங்கத்தக்கது. வீட்டில் தமிழ் பேசினும் பள்ளியில் பர்மிய எழுத்தையே கற்ற சிறுவன், இங்கே தன்னினும் இளையோருடன் அமர்ந்து அகரம் எழுதத் தொடங்க வேண்டியவனானான்.

1972இல் உகாண்டாவை விட்டு 90 நாள்களுக்குள் வெளியேறுமாறு பணிக்கப்பட்ட ஆசிய மக்களுள் பலர் இங்கிலாந்திற்குச் சென்றனர். அவர்களை அந்நாட்டார் அயலார் என்று எண்ணியதில் வியப்பில்லை. பர்மாவிலிருந்து வந்தோரையோ, அவர்தம் மொழியையே பேசுவோரும் 'பர்மாக்காரர்' என்றே அழைத்தனர்.

அரசினர் முகாம்கள் அமைத்தனர். தொழில் தொடங்கக் கடனும் வழங்கினர். எனினும் பலர் உள்நாட்டு ஊர்களை நாடாமல் வடசென்னையிலேயே தங்கினர். காரணம் எளிது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கலாம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாட்கூலி கிடைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, உடன் வந்தவர்கள் அருகில் இருப்பர். வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. எண்ணூர்ப் பகுதியில் 'பர்மா நகர்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. 1969இல் கடற்கரை இரயில் நிலையத்திற்கு எதிரே, சாலையோரத்தில் சிறு கடைகள் வரிசையாகத் தோன்றின. அதுவே பர்மா பஜார்.

அங்கு மாலை வேளையில் தள்ளுவண்டிகளில் 'அத்தோ' விற்பர். மாவிழையுடன் முட்டைக்கோசு, வெங்காயம், புளிச்சாறு ஆகியவற்றைக் கையால் பிசைந்து, வாழைத்தண்டுச் சாற்றுடன் கொடுப்பர். வேலை முடிந்து வீடு திரும்புவோர் நின்றவாறே அதனைச் சுவைத்து உண்பர். அவருள் பெரும்பாலோர் இரங்கூனைக் கண்டவரல்லர்.