உறையைத் தாண்டியதா புற்று?

புராஸ்டேட் சுரப்பியை நீக்குமுன் மருத்துவருக்கு ஒரு விடை தேவை. புற்று உறைக்குள் அடங்கியுள்ளதா, வெளியே பரவிவிட்டதா? உறையை ஒட்டியே ஆண்மைக்குரிய நரம்புகள் செல்கின்றன. அவற்றைக் காப்பதா, சேர்த்து நீக்குவதா என்பது அவ்விடையைப் பொறுத்தது.

இங்கே எம்.ஆர்.ஐ. உதவுகிறது. இதில் எக்ஸ் கதிர் இல்லை. நம் உடல்நீரே படம் தருகிறது என்றால் வியப்பாக இல்லையா? 3 டெஸ்லா காந்தப்புலத்தில் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பம்பரத்தின் தலையாட்டம்போல் நொடிக்குச் சுமார் 12.8 கோடி முறை சுழல்கின்றன. அதே அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தி நிறுத்தினால், அவை எதிரலை எழுப்புகின்றன. ஒரு வகைப் படத்தில் நீர் மிகுந்த நலமான வெளிப்பகுதி வெண்மையாகவும், செல்கள் நெருங்கிய புற்று கருமையாகவும் தெரியும். கருமை உறையைப் பிதுக்கினால் ஐயம் வலுக்கும். ஆனால் ஊசியால் திசு எடுத்தபின் தங்கும் இரத்தமும் கருமை காட்டலாம். எனவே படத்தை முன்பே எடுப்பது நன்று. நுண்ணிய பரவலோ படத்திற்குத் தப்பிவிடலாம். நீக்கிய சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தே அதை அறிய முடியும்.