ஓட்டையை அடைச்சாலும் வலிக்குமா? 'ஃப்யூச்சராமா' சொல்லித்தரும் கதை லாஜிக்!

ஒரு சீரிஸை முழு மூச்சாகப் பார்த்து முடிக்கிறீங்க. ரெண்டு நாள் கழிச்சு திடீர்னு மூளையில ஒரு பல்ப் எரியுது. ''ஒரு நிமிஷம்... மூணாவது சீசன்ல வேற மாதிரி சொன்னாங்களே?'' உடனே ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்பில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். ஒருத்தர், ''லாஜிக்கே இல்லை'' என்பார். இன்னொருத்தர், ''காமெடி சீரிஸ்ல போய் லாஜிக் பார்க்கிறியே'' என்பார்.

ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள 'ஃப்யூச்சராமா' சரியான சீரிஸ். (இனி வருவதெல்லாம் ஸ்பாய்லர். உஷார்!)

'தி சிம்ப்சன்ஸ்' மேட் க்ரோனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ் கோஹனுடன் சேர்ந்து வளர்த்த அனிமேஷன் தொடர் இது. 1999 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் ஆரம்பித்தது. நியூயார்க்கில் பீட்சா டெலிவரி செய்யும் ஃப்ரை, 1999 டிசம்பர் 31 இரவு ஓர் உறைநிலைக் குழாய்க்குள் விழுகிறான். கண் விழித்தால் 2999-ம் வருஷம்! ஒற்றைக்கண் கேப்டன் லீலா, திருட்டுப் புத்தி ரோபோ பெண்டர், மறதிப் புரொபசர் ஃபார்ன்ஸ்வொர்த், நண்டு மாதிரி இருக்கும் டாக்டர் ஸாய்ட்பெர்க் என ஒரு கும்பலோடு அவன் வாழ்க்கை தொடர்கிறது.

எது ஓட்டை, எது இல்லை?

ரோபோ பீர் குடிப்பது ஓட்டை இல்லை. அது அந்த உலகத்தின் விதி. கதை தானே போட்ட விதியைத் தானே மீறினால்தான் ஓட்டை.

இந்த டீம் அதைக் காமெடியாகவே சமாளித்திருக்கிறது. ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாதே, இவங்க கப்பல் மட்டும் எப்படிப் போகுது? 2000-ல் வந்த ஓர் எபிசோடில் பதில் சொன்னார்கள்: 2208-ம் வருஷமே விஞ்ஞானிகள் ஒளியின் வேகத்தை ஏற்றிவிட்டார்களாம்! தவிர, கப்பல் நகர்வதே இல்லையாம். பிரபஞ்சத்தைத்தான் அது நகர்த்துகிறதாம். அறிவியல்படி அபத்தம். ஆனால், 'நீங்க கேட்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும்' என்று கண்ணடிக்கும் பதில். அதற்குமேல் நாம் கேட்பதில்லை.

கதையை வளர்த்த ஒட்டு

ஃப்ரை ஏன் இவ்வளவு மக்கு? முதலில் அது வெறும் ஜோக். 2001-ல், மனிதர்களின் மூளையைத் தாக்கும் வில்லன்கள் வந்தபோது ஃப்ரை மட்டும் தப்பித்தான். அவனுக்கு மட்டும் ஒரு மூளை அலை இல்லை! அதே ஆண்டு இன்னோர் எபிசோடில், காலப்பயணத்தில் போய் அவனே அவனுக்குத் தாத்தாவாகிவிடுகிறான். 2003-ல் இந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டார்கள். தனக்குத்தானே தாத்தாவானதால்தான் அவனுக்கு அந்த அலை இல்லை. உலகைக் காப்பாற்ற அவன் தேவை என்பதால்தான், அன்றைக்குக் குழாய்க்குள் தள்ளப்பட்டான். தள்ளியது, லீலா வளர்க்கும் குட்டிப் பிராணி நிப்லர்!

சும்மா ஒட்டுப்போட்ட கதைனு நினைக்கிறீங்களா? முதல் எபிசோடையே திரும்பப் பாருங்க. ஃப்ரை விழும்போது மேஜைக்கு அடியில் நிப்லரின் நிழல் இருக்கும். லீலாவும் அப்படித்தான். வேற்றுக்கிரகவாசி என்றே அறிமுகமானவர், சாக்கடையில் வாழும் மியூட்டன்ட் தம்பதியின் மகள் என்பது 2002-ல்தான் தெரியும். ஆனால், 1999-ல் வந்த ஓர் எபிசோடின் கூட்டத்திலேயே அந்த அப்பா அம்மா நிற்கிறார்கள்.

கதையைக் காயப்படுத்திய ஒட்டு

இப்போது சீமோருக்கு வருவோம். ஃப்ரையின் நாய். 2002-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' எபிசோட். (டைனோசர் படத்தின் பெயரை வைத்து விளையாடி, நாய் குரைப்பதைச் சேர்த்திருப்பார்கள்.) ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு சீமோரின் புதைபடிவம் ஃப்ரைக்குக் கிடைக்கிறது. புரொபசரால் அதை உயிர்ப்பிக்க முடியும். ஆனால், தான் போன பிறகும் அது 12 வருஷம் வாழ்ந்தது என்று தெரிந்ததும், 'என்னை மறந்து நல்லா வாழ்ந்திருக்கும்' என்று ஃப்ரை விட்டுவிடுகிறான். கடைசிக் காட்சியில் நமக்கு மட்டும் உண்மையைக் காட்டுவார்கள். பீட்சா கடை வாசலில் வெயில், மழை, பனி எனப் பருவங்கள் மாற மாற, சீமோர் காத்துக்கொண்டே கிழடாகிறது. கண் மூடுகிறது. பார்த்தவர்களைக் கேளுங்க, இன்னும் தொண்டை அடைக்கும்.

2007-ல் டிவிடி படமாக வந்தது 'பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்'. அதில் ஃப்ரையின் இன்னொரு பிரதி காலம் கடந்து 2000-க்கே போய், அந்த பீட்சா கடை மாடியில் சீமோரோடு வாழ்கிறது. சீமோர் எப்படி அப்படியே கல்லானது என்பதற்கும் படம் விடை சொல்கிறது. 2012-ல் பெண்டர் நடத்தும் தாக்குதலில், ஒரு நொடியில்! நடுவில் அந்தப் பிரதி கடல் பயணம் போகிறது, அப்போது நாய் காத்திருந்திருக்கும் என்று கணக்கை நேர்செய்துகொள்ளலாம்.

கணக்கு சரி. மனசு? அந்தக் காத்திருப்புக்குப் பதிலே கிடைக்காது என்பதுதான் அந்தக் கடைசிக் காட்சியின் உயிர். பதில் கிடைத்ததும் அந்த அழுகைக்கு அர்த்தம் குறைந்துவிட்டது. 'அப்பாடா, நாய் சந்தோஷமா இருந்துச்சு' என்று நிம்மதியான ரசிகர்களும் உண்டு. 'அந்தப் படமே நடக்கலைனு வெச்சுக்கிறேன்' என்பவர்களும் உண்டு.

கேரக்டர் மாறினால்..?

'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் நெட் ஃப்ளாண்டர்ஸ் முதலில் ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரர். போகப்போக அவரது பக்தி மட்டுமே அவர் என்றாகிவிட்டது. ஒரு குணத்தை ஊதி ஊதி மொத்த ஆளையும் மறைப்பதற்கு, அவர் பெயரிலேயே 'ஃப்ளாண்டரைசேஷன்' என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள்.

ஸாய்ட்பெர்க்குக்கும் அது நடந்தது. மனித உடம்பு தெரியாத டாக்டர் என்ற ஜோக், எல்லாரும் விரட்டும் குப்பைத்தொட்டி ஏழை என்று வீங்கியது. அப்படியானால் புரொபசர் ஏன் அவரை வேலையில் வைத்திருக்கிறார்? 2011-ல் பதில் வந்தது. இருவரும் பழைய நண்பர்கள். தனக்கு வந்திருக்கும் கொடிய நோய் முற்றினால், வலியில்லாமல் தன்னைக் கொன்றுவிட ஸாய்ட்பெர்க்கிடம் புரொபசர் வாக்கு வாங்கியிருக்கிறார். பழைய ஜோக் எதுவும் கெடவில்லை. ஆனால், அந்த ரெண்டு பேரையும் அதன்பின் வேறு கண்ணோடு பார்ப்பீங்க.

ஃப்ரை - லீலா காதல்தான் இழுவை. 2003-ல் நெருங்குவார்கள். 2009 படத்தில் லீலா காதலைச் சொல்வார். 2010-ல் புது சீசன் வந்தால், மறுபடி 'இருக்கா, இல்லையா' நிலைமை! 2013-ல் கல்யாணம் செய்து, முதுமைவரை சேர்ந்து வாழ்வார்கள். கடைசியில் காலமே பின்னால் திருப்பப்படும். லீலா குழப்பவாதி இல்லை. சீரிஸை அடிக்கடி நிறுத்தினார்கள். இதுதான் கடைசியோ என்று நினைத்து எழுத்தாளர்கள் முடிவு எழுத, வேறொரு சேனல் வந்து தொடரச் சொன்னது. 2023-ல் ஹுலுவிலும் திரும்ப வந்தது.

அடுத்த முறை பார்க்கும்போது...

ஓட்டை கண்ணில் பட்டால் மூணு கேள்வி கேளுங்க. கதை தன் விதியையே மீறியதா? அந்த ஆள் இப்படிச் செய்வாரா? இதனால், முன்னாடி நான் சிரிச்சதும் அழுததும் பொய்யாகிறதா?

முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் மன்னிச்சு விட்டுடலாம். ரெண்டாவதுக்கு 'இல்லை' என்றால் கொஞ்சம் முறைக்கலாம். மூணாவதுக்கு 'ஆமாம்' என்றால், க்ரூப்பில் தாராளமாகப் பஞ்சாயத்தைக் கூட்டுங்க. அது லாஜிக் சண்டை இல்லை, ஒரு நாய்க்காகப் போடுற சண்டை!