கன்றுக்குப் பாட்டில் ஏற்றுமுன் கவனிக்க வேண்டியவை

கழிச்சல் கண்ட இளங்கன்று காலையில் பால் குடித்திருக்கும். மாலையில் தலை தூக்காமல் படுத்துவிடும். அவ்வேளையில் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் எழுந்துவிடும்" என்று பலர் நம்புகின்றனர். சரியான திரவம், சரியான அளவில், சரியான வேகத்தில் ஏறினால் கன்று பிழைக்கும் என்பது உண்மையே. ஆனால் இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் செலவு வீணாவதுடன், கன்றின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

கழிச்சலில் இழப்பது என்ன?

இளங்கன்றின் உடலில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே. கடும் கழிச்சலில் ஒரே நாளில் உடல் எடையில் 10 சதவீதம் வரை நீர் வெளியேறிவிடக்கூடும். வெளியேறுவது வெறும் நீரன்று. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய உப்புச் சத்துகளும் உடன் செல்கின்றன. பைகார்பனேட் குறைவதால் இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்து, கன்று சோர்ந்து, பால் உறிஞ்சும் உணர்வையே இழக்கிறது. கழிச்சல் கண்ட கன்றுகளில் பல, நோய்க்கிருமியைவிட இந்த நீர், உப்பு இழப்பாலேயே இறக்கின்றன.

இழப்பின் அளவை வளர்ப்போரே ஓரளவு கணிக்கலாம். கழுத்துத் தோலைக் கிள்ளி, சற்றே திருகி விட வேண்டும். உடனே படிந்தால் இழப்பு குறைவு. படிய 2 வினாடிக்கு மேலாகி, கண்ணும் குழிவிழுந்திருந்தால் இழப்பு ஏறத்தாழ 8 சதவீதம் எனக் கொள்ளலாம். காதும் காலும் சில்லிட்டு, எழ இயலாமல் கிடந்தால் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.

வாய் வழியா, இரத்தக் குழாய் வழியா?

கன்று நிற்கிறது, வாயில் விரல் வைத்தால் உறிஞ்சுகிறது எனில், வாய் வழியே உப்புக் கரைசல் கொடுப்பதே முதல் மருத்துவம். குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் நீரையும் உடன் இழுத்துச் செல்லும். கழிச்சல் நேரத்திலும் இந்த வழி பெரும்பாலும் கெடுவதில்லை.

இதன் வலிமையை மனித மருத்துவத்தில் உலகறியச் செய்தவர்களுள் முக்கியமானவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க அகதி முகாமில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் போதாமல் போகவே, சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். அவரது பராமரிப்பில் இருந்தோரிடையே 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இளங்கன்றுக்கும் இதே தத்துவம் பொருந்தும்.

கன்றுகளுக்கென விற்கப்படும் உப்புக் கரைசல் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காத அவசரத்தில், மனிதருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு நீரில், கூட்டாமல் குறைக்காமல் கரைத்துக் கொடுக்கலாம். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு வேளைக்கு 1 முதல் 1½ லிட்டர் வீதம் நாளைக்கு 3 வேளை கொடுக்கலாம். பாலை நிறுத்தலாகாது. சிறு சிறு அளவாகப் பிரித்து, கரைசல் கொடுத்து 2 மணி நேரம் கழித்துக் கொடுப்பது நல்லது.

உறிஞ்சும் உணர்வு அற்ற கன்றுக்கு மூங்கில் குழாய் கொண்டு வாயில் ஊற்றக் கூடாது. கரைசல் நுரையீரலுக்குள் சென்றுவிடும். எழ இயலாத, உறிஞ்சாத கன்றுக்கே இரத்தக் குழாய் வழி திரவம் இன்றியமையாதது. அந்நிலையில் மணிக்கணக்கில் காத்திருப்பதும் ஆபத்து.

எந்தப் பாட்டில்? எத்தனை பாட்டில்?

பாட்டில்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளிருப்பவை வேறு வேறு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஒன்றில் (500 மி.லி.) 25 கிராம் சர்க்கரை மட்டுமே உண்டு. உப்பு சிறிதும் இல்லை. சர்க்கரையை உடல் செலவிட்டபின் எஞ்சுவது வெறும் நீரே. கழிச்சல் கன்றுக்கு இது மட்டும் போதாது. நார்மல் சலைன் லிட்டருக்கு 9 கிராம் சாதாரண உப்பு கொண்டது. இது நீரையும் சோடியத்தையும் ஈடுசெய்யும், அமிலத்தன்மையைத் தணிக்காது. ரிங்கர் லாக்டேட்டில் சோடியத்துடன் சிறிதளவு பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. அதிலுள்ள லாக்டேட் உடலில் பைகார்பனேட்டாக மாறும். கடுமையான அமிலத்தன்மைக்குச் சோடியம் பைகார்பனேட்டே தேவைப்படும். இதை ரிங்கர் லாக்டேட்டுடன் கலந்தால் சுண்ணாம்பு படிந்துவிடும் என்பதால், இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்கலாகாது.

அளவிலும் ஒரு தவறு பரவலாக உள்ளது. 30 கிலோ கன்று 8 சதவீத நீரை இழந்திருந்தால், பற்றாக்குறை 2.4 லிட்டர், அதாவது ஏறத்தாழ 5 பாட்டில். ஒரே பாட்டில் ஏற்றி நிறுத்தினால் ஐந்தில் ஒரு பங்கே ஈடாகும். தொடர்ந்து கழியும் அளவு வேறு இதனுடன் சேரும். தேவையில் ஒரு பகுதியை இரத்தக் குழாய் வழியும், கன்று உறிஞ்சத் தொடங்கியபின் மீதியை வாய் வழியும் கொடுப்பதே முறை.

வேகமும் மருந்தளவே

திரவம் மிக வேகமாக ஏறினால் இதயம் தாங்காது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எனவே பாட்டிலைப் பிழிவதும், குழாயின் சிறு சக்கரத்தை இஷ்டம்போல் திறப்பதும், பிடித்திருப்பவர் பாட்டிலை மேலும் உயர்த்துவதும் தவறு.

பொட்டாசியத்தில் எச்சரிக்கை பன்மடங்கு வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக ஊசியில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். 15 சதவீத மருந்துள்ள 10 மி.லி. குப்பி ஒன்றை, 30 கிலோ கன்றுக்கு, திரவத்தில் நன்கு கலந்து ஏற்றினாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். மேலும், அமிலத்தன்மை மிகுந்த கன்றின் உடலில் பொட்டாசியம் குறைந்திருந்தாலும் இரத்தத்தில் கூடுதலாக இருக்கக்கூடும். ஆகவே இதைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பதை இதயத் துடிப்பைக் கேட்டறிந்து கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கன்று ஈன்ற பசுக்களுக்குப் பால் காய்ச்சலில் ஏற்றப்படும் 450 மி.லி. சுண்ணாம்புச் சத்துப் பாட்டிலுக்கும் இவ்விதி பொருந்தும். உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இதயத் துடிப்பைக் கேட்டவாறே 10 முதல் 20 நிமிடங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் பசு அங்கேயே இறக்கக்கூடும். ஈன்றபின் படுத்துவிடும் பசுக்கள் எல்லாவற்றுக்கும் பால் காய்ச்சல்தான் என்பதுமில்லை. கடும் மடிநோயின் நஞ்சாலும் பசு படுத்துவிடும். அந்நிலையில் அதன் இதயம் சுண்ணாம்புச் சத்தைத் தாங்கும் திறன் குறைந்திருக்கும். நோயை அறியாமல் ஏற்றுவது கூடாது என்பது இதனாலேயே.

வளர்ப்போர் செய்ய வேண்டியவை

1. பாட்டிலின் பெயர், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படிக்கவும். கலங்கல், துகள், கசிவு இருந்தால் ஒதுக்கவும். திறந்து மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

2. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டு வரவும். சில்லென்ற திரவம் ஏற்கெனவே குளிர்ந்த கன்றை மேலும் நடுங்க வைக்கும்.

3. வீட்டில் கரைத்த உப்பு நீர், இளநீர், ஓ.ஆர்.எஸ். ஆகியவை வாய்க்கு மட்டுமே. இரத்தக் குழாயில் எதையும் ஏற்றக் கூடாது. வெறும் நீர் இரத்த அணுக்களை வெடிக்கச் செய்யும்.

4. ஊசி போடும் இடத்தில் மயிரை நீக்கி, அயோடின் தடவி, புதிய ஊசியும் குழாயும் பயன்படுத்தச் சொல்லவும். குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும்.

5. ஏறும்போது இருமல், மூச்சிரைப்பு, மூக்கில் நுரை, நடுக்கம், திமிறல் கண்டால் உடனே குழாயை அடைத்து மருத்துவரிடம் கூறவும். கழுத்தில் ஊசியருகே வீங்கினால், மருந்து குழாய்க்கு வெளியே இறங்குகிறது என்று பொருள். அப்போதும் நிறுத்த வேண்டும்.

6. எத்தனை பாட்டில், எந்நேரம் ஏறியது, எப்போது சிறுநீர் கழித்தது என்பதைக் குறித்து வைக்கவும். சிறுநீர் கழிப்பதும் மீண்டும் உறிஞ்சத் தொடங்குவதும் தேறுவதற்கான நல்ல அறிகுறிகள்.

பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் விதி. அவர் வரும்வரை கன்றை மார்பு தரையில் படியும்படி உட்கார்த்தி, வைக்கோல் பரப்பி, சாக்கு போர்த்திக் கதகதப்பாக வைத்திருக்கலாம். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

கன்று பிறந்த முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் தொடங்கி, முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புகட்டி, தொழுவத்தை ஈரமின்றி வைத்திருந்தால் கழிச்சல் பெரிதும் குறையும். அதையும் மீறிக் கழிச்சல் கண்டால், கன்று நிற்கும்போதே உப்புக் கரைசலைத் தொடங்கிவிட வேண்டும். அன்றே தொடங்கினால் பெரும்பாலான கன்றுகளுக்குப் பாட்டில் ஏற்றும் நிலையே வராது.