கண்ணும் கவனமும்



கையடக்கத் தொலைபேசி 1989 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது அது பேசுவதற்கு மட்டுமான கருவி. 2020 இல் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட, அதுவே பிள்ளைகளின் வகுப்பறையாயிற்று. பாடசாலைகள் திறந்த பின்னரும் பலரின் கையைவிட்டு அது இறங்கவில்லை.

முதலில் கண்ணைப் பார்ப்போம். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 தடவை இமைக்கின்றோம். ஒவ்வோர் இமைப்பும் விழியின்மேல் கண்ணீர்ப் படலத்தைப் புதிதாகப் பரப்புகின்றது. திரையை உற்று நோக்கும்போது இமைப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். எரிவும் உறுத்தலும் மங்கலும் அதனாலேயே. அண்மையில் உள்ளதைப் பார்க்கக் கண்ணினுள்ளே ஒரு தசை சுருங்கியிருக்க வேண்டும். மணிக்கணக்கில் சுருங்கினால் அது களைத்துப்போகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்வது அதை ஆறவிடுவதற்கே. கொட்டியாரக் குடாக் கரையில் வாழும் நமக்குத் தூரத்துக்குப் பஞ்சமில்லை.

சிங்கப்பூரில் இளைஞர் ஐவரில் ஏறத்தாழ நால்வருக்குக் கிட்டப்பார்வை. அது கைத்தொலைபேசிக்கு முன்னரே தொடங்கிய கதை. ஆகவே புத்தகத்தையும் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும். மருந்து வெளிச்சத்தில் இருக்கின்றது. தைவான் 2010 முதல் மாணவரை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்கச் செய்ய முயன்றது. ஏறிக்கொண்டிருந்த கிட்டப்பார்வை பின்னர் இறங்கத் தொடங்கியது.

இனிக் கவனம். 2017 இல் டெக்ஸஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 800 பேரைச் சோதித்தனர். தொலைபேசியை மேசைமேல் வைத்திருந்தோரைவிட, அடுத்த அறையில் விட்டுவந்தோர் நன்றாகச் செய்தனர். மணி ஒலிக்கவில்லை, கருவி அருகிலிருந்ததே போதுமாயிற்று. பின்வந்த சோதனைகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் வகுப்பில் நீண்ட உரைநடைப் பகுதியொன்றைக் கொடுத்தால், இடைவழியில் நழுவும் கண்களைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். பொருள் விளங்காமலல்ல, பொருள் விளங்கும்வரை தங்க முடியாமலே பிள்ளை நூலை மூடுகின்றது. இலக்கியத்துக்கு இதுவே பேரிழப்பு.

1660 இல் நமது மூதூர்ப் பகுதியில் சிறைபிடிக்கப்பட்ட ரொபேர்ட் நொக்ஸ், கையிலிருந்த இரண்டே நூல்களை மனப்பாடமாகும்வரை திரும்பத் திரும்பப் படித்தார். ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

அந்த ஆழ்ந்த வாசிப்புக்கு நமக்குச் சிறை தேவையில்லை. மாலையில் ஒரு மணி நேரம் தொலைபேசியை அடுத்த அறையில் வைத்தால் போதும்.