படிக்க முடியாத புத்தகமும் பயன்படும்!

புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள் கத்தரிக்கோலும் கையுமாகப் புத்தகங்களை வெட்ட உட்கார்ந்தேன் என்றால், 2015 டிசம்பர் வெள்ளம்தான் காரணம்.

சென்னையில் அடையாற்றங்கரைக்கு அருகே, தரைத்தளத்தில் எங்கள் வீடு. டிசம்பர் 1-ஆம் தேதி இரவு புகுந்த தண்ணீர் வடிய இரண்டு நாளாயிற்று. என் மாமியார் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து அலமாரி நிறைய வைத்திருந்தார். கீழ்த்தட்டில் இருந்தவை சாக்கடைத் தண்ணீரில் ஊறிவிட்டன. அவற்றைக் குப்பைக்கே அனுப்பிவிட்டேன். அந்த மாதிரி புத்தகங்களில் தயவு தாட்சண்யம் கூடாது, வியாதிதான் வரும். மேல்தட்டில் இருந்தவை நனையவில்லை. ஆனால் சுவரின் ஈரம் ஏறித் தாள்கள் ஒட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு ராமபாணப் பூச்சி வேறு துளைத்துவிட்டது. படிக்கவும் முடியாது, எடைக்குப் போடவும் மனசு வரவில்லை.

"சும்மா கிடந்து பூச்சி அரிக்கிறதுக்கு, எதுக்காவது ஆகட்டுமேம்மா" என்று மாமியாரே சொன்ன பிறகுதான் துணிந்தேன்.

காகிதக் கூழ்க் கூடை

அந்தக் காலத்தில் முறத்துக்கும் கூடைக்கும் காகிதமும் வெந்தயமும் அரைத்துப் பூசுவார்களே, அதே முறைதான். அரைக் கிலோ தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து மூன்று நாள் ஊற வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியே ஓர் இரவு ஊற வைத்து, பிழிந்த தாளோடு சேர்த்து மைய அரையுங்கள். மிக்ஸியில் அரைப்பதானால் சமையலுக்கு உதவாத பழைய ஜாரில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் இதற்குப் பசை. அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பார்கள்.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழைக் கால் அங்குல கனத்துக்கு ஒரே சீராகத் தட்டுங்கள். முதல் நாள் நிழலிலும், பிறகு நாலைந்து நாள் வெயிலிலும் காய வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் விண்டுபோகும். முதல் கூடை எனக்கு அப்படித்தான் ஆயிற்று!

தையல் சாமான், சீப்பு, சாவி எல்லாம் இதில் வைக்கலாம். தின்பண்டம் மட்டும் வேண்டாம். அச்சு மை உடம்புக்கு ஆகாது. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்ததே.

அட்டையில் ஒரு கோப்பு

கெட்டியான பைண்டு அட்டைகளை எறியாதீர்கள். இரண்டு அட்டைகளையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து, பழைய பட்டுப்புடவைக் கரையை நடுவில் ஒட்டினால் அழகான கோப்பு தயார். உட்புறம் துணிப்பை ஒன்று தைத்து ஒட்டிவிட்டால் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வரி ரசீது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வண்ணத் தாள் மணிகள்

வழவழப்பான வண்ணப் பக்கங்களை, அடி ஓர் அங்குலமும் நீளம் எட்டு அங்குலமுமான கூம்பு வடிவத்தில் வெட்டுங்கள். அகலமான முனையிலிருந்து துடைப்பக்குச்சியில் இறுகச் சுற்றி, நுனியைக் கோந்தால் ஒட்டி, குச்சியை உருவிவிடுங்கள். வார்னிஷ் பூசிக் கோத்தால் வாசல் திரைக்கு மணிகள் ஆயிற்று.

ஒரு ஜாக்கிரதை: பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியில் வைத்துப் பிரியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே வர வேண்டாம்.

கிழிப்பதற்கு முன்னால்

இப்போது என் தவறைச் சொல்கிறேன். இரண்டாவது கூடைக்குத் தாள் ஊறிக்கொண்டிருந்தபோது, "அந்தப் பச்சை பைண்டு எங்கேம்மா?" என்று மாமியார் கேட்டார். அதன் கடைசி வெள்ளைத்தாளில் தன் பிள்ளைகள் பிறந்த நாள், நட்சத்திரம், நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தாராம். பதினோராம் நாளே இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் விவரமும் அதில்தான் இருந்தது. பேர் வைக்காத குழந்தை. வேறெங்கும் அதற்கு எழுத்தே கிடையாது. வாளிக்குள் கையை விட்டுத் துழாவினேன். மை கரைந்து, தாள் கூழாகியிருந்தது.

மாமியார் திட்டவில்லை. "எனக்கு மறக்கலை. நோட்டை எடு, சொல்றேன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த நோட்டு இப்போது என் பீரோவின் மேல்தட்டில், அதே பச்சை அட்டையில் செய்த கோப்புக்குள் இருக்கிறது.

அதனால் சகோதரிகளே, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், ஓரக் குறிப்பு எல்லாம் பாருங்கள். மிகப் பழைய பதிப்பாக இருந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய புத்தகங்களிலிருந்துதான் சென்னையில் அவர் பேரால் ஆராய்ச்சி நூலகமே உருவாயிற்று.

பார்த்த பிறகும் படிக்க உதவாது என்று தெரிந்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊற வையுங்கள். கூடையாகவாவது நம்மோடு இருக்கட்டும்.