ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது... அப்புறம் ஏன் எஃப்.சி-யில ஃபெயில் ஆகுது உங்க பைக்?

ஆர்.சி கார்டை ஒரு நிமிஷம் வெளியே எடுத்துப் பாருங்க. பதிவு எந்தத் தேதி வரை செல்லும்னு அதுல ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் அந்த வரியைப் படித்ததே இல்லை. சொந்த உபயோகத்துக்கான டூ வீலருக்கு மோட்டார் வாகனச் சட்டம் கொடுக்கும் முதல் தவணை 15 வருடம். 2011-ல் அப்பா ஷோரூமிலிருந்து மாலை போட்டு ஓட்டிவந்த வண்டி என்றால், 2026-ல் அந்தப் பதிவு காலாவதி. அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். சட்டத்தில் இதன் பெயர் பதிவுப் புதுப்பிப்பு. ஊர் வழக்கில் ‘எஃப்.சி காட்டுறது’. அந்த ஆய்வாளருக்கு நம்ம ஊர் வைத்திருக்கும் பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. பாதி விஷயம் அந்தப் பெயரிலேயே இருக்கு.

“வண்டி கில்லி மாதிரி ஓடுது, இதுல என்ன ஃபெயில் பண்ணப்போறாங்க?” என்றுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். ஆனால், அங்கே யாரும் உங்கள் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. மைலேஜ் கேட்கப்போவதில்லை. பிரேக் பிடிக்குதா, லைட் எரியுதா, ஹாரன் அடிக்குதா, டயர்ல பட்டன் இருக்கா, நம்பர் பிளேட் ஒழுங்கா இருக்கா... இவைதான் கேள்விகள். நம்பி ஓட்டலாம் என்பது வேறு, ரோட்டில் ஓடத் தகுதியானது என்பது வேறு. முதல் விஷயத்தில் நம்ம ஊர் 100 சிசி பைக்குகள் உலகத்தரம். இரண்டாவதில்தான் சிக்கல். இன்னும் சொல்லப்போனால், முதல் விஷயத்தில் அவை அவ்வளவு நல்லபிள்ளையாக இருப்பதுதான் இரண்டாவதைக் கவனிக்கவிடாமல் செய்கிறது.

எப்படின்னு பார்ப்போம். 1994-ல் அறிமுகமான ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கோங்க. 97.2 சிசி, ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிரும் இன்ஜின். கெட்டுப்போவதற்கு உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றினாலே பல வருடம் ஓடும். இந்த ரகப் பழைய பைக்குகள் பலவற்றில் ஸ்பார்க் பிளக்குக்கான கரன்ட், பேட்டரியிலிருந்து வராது. மேக்னெட்டிலிருந்து நேராக வரும். அதனால் பேட்டரி செத்தாலும் ஒரு உதையில் வண்டி ஸ்டார்ட். ‘செல்ஃப் எடுக்கலையா, விடு, கிக்கர் இருக்குல்ல’ என்று நாமும் மாதக்கணக்கில் ஓட்டுவோம். ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் அந்தச் செத்த பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. இன்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதால், மற்றவை நின்றுபோனது நமக்குத் தெரிவதே இல்லை. பேட்டரி இல்லாமல் ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால், அன்றைக்கே மெக்கானிக்கிடம் போயிருப்போம்!

இங்கிலாந்தில் ஒரு பைக் மூன்று வயதைத் தொட்டதும், வருடம் தவறாமல் சோதனைக்குப் போயாக வேண்டும். நம்ம ஊரில் சொந்த உபயோக பைக்கை முதல் 15 வருடம் யாரும் பரிசோதிப்பதில்லை. நடுவில் எடுக்கும் பொல்யூஷன் சர்டிஃபிகேட் வெறும் புகையை மட்டும்தான் பார்க்கும், பிரேக்கை அல்ல. அதனால் 15 வருடத்து அலட்சியம் மொத்தமும் ஒரே நாள் காலையில் ஆய்வாளர் முன்னால் வந்து நிற்கிறது.

பின் பிரேக்: நட்டு டைட் பண்ணிய கதை

பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுபடும். அந்தக் கம்பி பின்சக்கர டிரம்மில் இருக்கும் ஒரு சின்னக் கையைத் திருப்பும். உள்ளே இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மை உரசும். அவ்வளவுதான் டிரம் பிரேக். ஷூ தேயத் தேய பெடல் கீழே போகும். உடனே நாம் என்ன செய்வோம்? கம்பியின் முனையில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று திருகுவோம். பெடல் மேலே வந்துவிடும், பிரேக் சரியானது போல இருக்கும். உண்மையில் தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே இருக்கிறது. அதை மறைக்கத்தான் அந்த இரண்டு சுற்று.

இதை எத்தனை முறை செய்யலாம் என்று வண்டியே சொல்கிறது. பல மாடல்களில் அந்தச் சின்னக் கையில் ஓர் அம்புக்குறியும், டிரம்மின் மூடியில் ஒரு கோடும் இருக்கும். பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கும்போது அம்புக்குறி கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. குனிந்து பார்க்க 10 விநாடி ஆகும். பார்க்காமல் நட்டைத் திருகிக்கொண்டே போனால், அந்தக் கை செங்கோணத்தைத் தாண்டிச் சாய ஆரம்பிக்கும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் உங்கள் பலத்தில் ஒரு பங்குதான் ஷூவுக்குப் போகும். இன்னும் மோசமானால், உள்ளே இருக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, சக்கரம் அப்படியே லாக் ஆகவும் வாய்ப்பு உண்டு. மழை ரோட்டில், பின்னால் அம்மா உட்கார்ந்திருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. எஃப்.சி-யில் ஃபெயில் ஆவது அதைவிட எவ்வளவோ மேல்.

முன்னால் டிஸ்க் இருக்கும் வண்டியா? பேடில் இருக்கும் பள்ளமான கோடு மறைந்துவிட்டால் மாற்றுங்க. பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடியையும் பாருங்க. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால், மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நமக்குத் தெரியாத லைட்

ஹெட்லைட் போனால் அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிடும். பிரேக் லைட் போனால்? ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது, அது நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இதற்கு இரண்டு சுவிட்ச்கள்: ஒன்று கால் பெடலுக்குப் பக்கத்தில், இன்னொன்று வலது கை பிரேக் லிவரில். பெடல் சுவிட்சை இழுக்கும் குட்டி ஸ்பிரிங் சேற்றிலும் தண்ணீரிலும் துருப்பிடித்து அறுந்துவிடும். சில வண்டிகளில் அதற்கு நேர்மாறாக, சுவிட்ச் சிக்கிக்கொண்டு பிரேக் லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், நீங்கள் நிறுத்தப்போவது அவருக்குத் தெரியாது. ராத்திரி ஒரு சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைத் தனியாக, கால் பிரேக்கைத் தனியாகப் பிடித்துப் பாருங்க. சுவரே ரிசல்ட் சொல்லிடும்.

ஹெட்லைட்டில் இன்னொரு பிரச்னை, நாமே காசு கொடுத்து வாங்குவது. எதிரில் வருகிறவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி-யை மாட்டிக்கொண்டு எஃப்.சி-க்குப் போகாதீங்க. பல்பு வைக்க வடிவமைத்த கிண்ணத்தில் அதைப் பொருத்தினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரக்கிளையில் விழும்.

டயர், கோன் செட்

டூ வீலர் டயரில் பட்டனின் ஆழம் குறைந்தபட்சம் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. ஸ்கேல் தேவையில்லை. டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டின் அளவுக்கு இறங்கிவிட்டால் டயருக்கு டாட்டா. அதிகம் ஓட்டாத வண்டியில் பட்டன் நிறைய இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் வெடித்திருக்கும். பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்க. 2315 என்றால், 2015-ன் 23-வது வாரத்தில் தயாரானது. ‘புதுசு மாதிரி இருக்கு’ என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய பல வண்டிகளின் டயர் வயது இப்படித்தான் வெளியே வரும்.

கோன் செட் பற்றிப் பலருக்கும் தெரியாது. ஹேண்டில்பார் திரும்புவதற்காக வண்டியின் கழுத்துக்குள் இருக்கும் பால் பேரிங்தான் அது. நம்ம ரோட்டுப் பள்ளங்களின் அடி முழுதும் விழுவது அதன் மேல். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்க. நடுவில் வரும்போது ‘டக்’கென ஒரு பிடி பிடித்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. கையை விட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்குதுன்னு சொல்றோமே, பல நேரம் காரணம் இதுதான்.

கழற்றிப்போட்ட பொருள்கள்

கெத்துக்காகக் கழற்றிய கண்ணாடி, சேலை கார்டு, பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடி எல்லாம் திரும்ப வந்தாக வேண்டும். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பிடிமானம், ஃபுட்ரெஸ்ட் மூன்றும் விதியிலேயே இருப்பவை. ஸ்டைலான எழுத்தில் நம்பர் பிளேட், மல்டி டோன் ஹாரன், அலறும் சைலன்சர் எதுவும் நடக்காது. ஆர்.சி-யில் கறுப்பு என்று இருந்து, வண்டி மேட் நீலத்தில் இருந்தாலும் கேள்வி வரும்.

புகைக்கு வருவோம். 2000-க்குப் பிறகு வந்த பழைய கார்புரேட்டர் பைக்குகளுக்கு, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்ஜின் போச்சு என்று பயப்பட வேண்டாம். அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், தள்ளாமல் விட்ட சோக், சரியாக டியூன் செய்யாத கார்புரேட்டர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். கொஞ்சதூரம் ஓட்டி இன்ஜின் சூடான பிறகு டெஸ்ட்டுக்கு விடுங்க. பி.எஸ்-4, பி.எஸ்-6 வண்டிகளுக்கு இந்தச் சான்று 1 வருடம் செல்லும். அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதம்தான்.

பதிவு காலாவதியானால் என்ன, போலீஸ் பிடித்தால் ஃபைன் கட்டிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இன்ஷூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் ஓடி விபத்தில் சிக்கிய ஒரு வாகனத்தின் வழக்கில், செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு கிடைக்கவில்லை. பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இந்தச் சிக்கல் வரும்.

பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம், பரிவாஹன் தளத்திலேயே தொடங்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து டூ வீலருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 வருடத்தைத் தாண்டிய பைக் என்றால், 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தப்படி 2,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. செகண்ட் ஹேண்டில் 14 வயது பைக்கை ‘சீப்பா கிடைக்குது’ என்று பார்த்துக்கொண்டிருந்தால், விலை பேசும் முன் இந்தச் செலவையும், மேலே சொன்ன ஷூ, டயர், பேட்டரி, கோன் செட்டையும் கூட்டிக்கோங்க.

சோதனையில் குறை இருந்தால், சரிசெய்து மறுபடியும் கொண்டுவரச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு நாள் லீவு வீண், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் உடனே தீர்வு கிடைக்காது: சேஸ் நம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் பொறித்திருக்கும் அந்த எண்ணை பென்சிலால் உரசிக் காகிதத்தில் எடுப்பார்கள். அது துருவில் அரித்துப்போயிருந்தாலோ, பெயின்ட்டுக்கு அடியில் புதைந்திருந்தாலோ, இது ஆர்.சி-யில் இருக்கும் அதே வண்டிதான் என்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது, அந்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, எண் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, லேசாக கிரீஸ் தடவி விடுங்க. உப்புத்தாளால் மட்டும் தேய்த்துவிடாதீங்க.