நட்சத்திர வீரருக்கான ஏலச் செலவு (தமிழ்நாடு பிரீமியர் லீக்)

தமிழ்நாடு பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரில் 2023ஆம் ஆண்டு முதன்முறையாக வீரர் ஏலம் நடைபெற்றது. அப்போது ஓர் அணியின் செலவு வரம்பு 70 இலட்சம் ரூபாயாக இருந்தது. லைக்கா கோவை கிங்ஸ் அணி சாய் சுதர்சனை 21.6 இலட்சத்திற்கு எடுத்தது. இது வரம்பில் ஏறத்தாழ 31 விழுக்காடு ஆகும்.

ஆதரவான கருத்து: சிறந்த தொடக்க மட்டையாளர் தனியாகவே ஆட்டத்தை வென்று தரக்கூடும். தொடரின் முற்பகுதியில் சுதர்சன் தொடர்ந்து ஓட்டங்கள் குவித்தார். கோவை கோப்பையையும் வென்றது.

எதிரான கருத்து: வரம்பு மாறாதது. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது மற்றவர்களின் பங்கிலிருந்தே வருகிறது. காயமோ இந்திய அணி அழைப்போ வந்தால் அந்த முதலீடு பயனற்றுப் போகும். சுதர்சன் இந்திய 'ஏ' அணிக்குச் சென்றதால் இறுதிப்போட்டியில் ஆடவில்லை. எஞ்சிய வீரர்களே நெல்லையை 104 ஓட்டங்களால் வீழ்த்தினர்.

மதுரை அணி: சீச்செம் மதுரை பாந்தர்ஸ் 2018இல் கோப்பை வென்றபோது ஏல முறையே இல்லை. இறுதிப்போட்டியில் திண்டுக்கல்லுக்கு எதிராக அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் வெற்றி தேடித் தந்தார். நட்சத்திரம் தேவைதான் என்பதையும், அவர் பெருவிலையில்தான் கிடைப்பார் என்பதில்லை என்பதையும் இது காட்டுகிறது.

ஆகவே, வீரரின் விலையுடன், அவர் இல்லாத நாளில் ஆடக்கூடிய மாற்று வீரருக்குப் பணம் மிஞ்சுகிறதா என்பதையும் அணிகள் கணக்கிட வேண்டியுள்ளது.